பினாங்கு ரம்பம்

மலாயாவிலிருந்து ஆள் வந்து இறங்கினால் முதலில் பெட்டியைத்தான் பார்ப்பார்கள். காரைக்குடியில் அந்தத் தெருவிலும் அப்படித்தான். தைலம் இருக்கும், பூப்போட்ட கைலி இருக்கும், டிரான்சிஸ்டர் ரேடியோ இருக்கும். எழுபதாம் வருஷம் சேக் பரீது நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கி, ரயிலேறி, ரயிலடியிலிருந்து வண்டி பிடித்து வீட்டு வாசலுக்கு வந்தபோது வண்டியில் இருந்தது ஒரு தகரப் பெட்டியும் ஆளுயரத்தில் பாதி இருக்கும் ஒரு மரப்பெட்டியும். தகரப் பெட்டியை அவரே தூக்கிவிட்டார். மரப்பெட்டியை இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது.

"என்ன மச்சான், இந்தக் கனம் கனக்குது? தங்கமா?" என்று சிரித்தார் அல்லாபிச்சை. சேக் பரீதின் மனைவி ஜரீனாவின் அண்ணன் அவர். கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். கடப்பாரையை வாங்கி ஆணிகளை அவரே பிடுங்கினார். தெருப் பெண்கள் கதவோரம் கூடிவிட்டார்கள். வைக்கோலை விலக்க விலக்க உள்ளேயிருந்து எண்ணெய் பூசிய இரும்பு வெளியே வந்தது. ஒரு மோட்டார். அதன் பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவில் பல் பல்லாக ஒரு வட்டத் தகடு.

"இது என்னது?"

"ரம்பம்" என்றார் சேக் பரீது.

கதவோரம் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். ஜரீனா உள்ளே போய் உலையில் அரிசியைப் போட்டாள்.

அவளுக்கு அவர் மாமி மகன். சின்ன வயதிலிருந்து மச்சான் என்றே கூப்பிட்டவள், கல்யாணத்துக்குப் பிறகும் அப்படித்தான் கூப்பிட்டாள். ஆனால் கூப்பிடக் கிடைத்த நாட்கள்தான் குறைவு. நிக்காஹ் முடிந்த மறு வருஷமே அவர் பினாங்குக்குக் கப்பலேறிவிட்டார். இடையில் வந்து போன லீவுகள் எல்லாம் சேர்ந்தால் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். ஒரே மகள் சுலைகா பிறந்ததும் அவர் இல்லாதபோதுதான். அவளைத் தேவகோட்டையில் கட்டிக் கொடுத்ததும் அவர் இல்லாதபோதுதான். கூரை மாற்றியது, கிணறு தூர்வாரியது, சம்பந்தம் பேசியது எல்லாம் ஜரீனா. பினாங்கில் அவர் படங்களுக்குச் சட்டம் போடும் பட்டறையில் வேலை பார்க்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. அறுபத்தொன்பதில் அங்கே நடந்த கலவரத்துக்குப் பிறகு அந்த நாட்டுக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைச் சீட்டு வேண்டும் என்று சட்டம் வந்தது. அவருக்குச் சீட்டு கிடைக்கவில்லை. பட்டறை முதலாளியும் வயதாகிக் கடையைக் கட்டிக்கொண்டிருந்தார். "உன் கைக்குப் பழகினது, நீயே கொண்டு போ" என்று அந்த ரம்பத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

வந்த புதிதில் நடந்த ஒன்றை ஜரீனா மறக்கவில்லை. சோறு தின்றுகொண்டிருந்தவர் நிமிர்ந்து, "கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?" என்று கேட்டார். விருந்துக்கு வந்தவன் கேட்பதைப் போலக் கேட்டார். பானை அவர் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. தன் வீட்டில் பானை எங்கே இருக்கிறது என்று மனிதருக்குத் தெரியவில்லை. அவள் மொண்டு கொடுத்துவிட்டு அடுப்படியில் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கடைவீதிக்குப் பின்சந்தில் ஓர் அறையைப் பிடித்து அவர் படச்சட்டக் கடை போட்டார். காரைக்குடியில் சட்டம் போட ஆட்கள் இல்லாமல் இல்லை. கைரம்பத்தால் அறுத்து, உளியால் செதுக்கி, நாலு மூலையும் கூட்டுவதற்குள் அரைப்பொழுது போய்விடும். சட்டத்தின் ஒவ்வொரு மூலையும் சாய்வாக அறுபட்டு, ஒன்றோடு ஒன்று கன்னத்தை ஒட்டினாற்போல் சேரவேண்டும். நூலளவு தப்பினாலும் வாய் பிளக்கும். பினாங்கு ரம்பத்துக்கு அது ஒரு வேலையே இல்லை. மோட்டாரும் பிளேடும் கொக்கு கழுத்தைத் தூக்கினாற்போல் மேலே நிற்கும். அடியிலிருக்கும் தட்டைத் திருப்பிச் சாய்வு வைத்து, கட்டையைப் பின்னாலிருக்கும் இரும்புத் தாங்கியோடு அணைத்துப் பிடித்து, கைப்பிடியிலுள்ள விசையை அமுக்கிக் கீழே இறக்கினால் 'வ்ர்ர்ர்' என்று ஒரு சத்தம். வெட்டுப்பட்ட முகம் கண்ணாடி மாதிரி இருக்கும்.

சத்தம் கேட்டுச் சந்தில் கூட்டம் கூடும். அங்கேதான் சேக் பரீது கெடுபிடிக்காரர் ஆனார். தோளில் துண்டு போட்டுக்கொண்டு யாரும் உள்ளே வரக்கூடாது. முழுக்கைச் சட்டைக்காரர் கையைச் சுருட்டிக்கொண்டு வரவேண்டும். மேடையில் பிளேடின் இரண்டு பக்கமும் சிவப்புப் பெயின்டால் கோடு போட்டிருந்தார். கோட்டுக்குள் கை போகக்கூடாது, தன் கை உட்பட. மிஷின் ஓடும்போது பேசமாட்டார். வெட்டி முடித்தாலும் பிளேடு முழுக்க நிற்கும்வரை வெட்டிய கட்டையை எடுக்கமாட்டார். பழைய வீடுகளை இடித்த தேக்கு மரம் நிறைய வரும். ஒரு காந்தக் கட்டியை அதன்மேல் ஊர விட்டு, உள்ளே ஆணி இல்லை என்று தெரிந்த பிறகே மேடையில் ஏற்றுவார். பிளேடைத் தொடவேண்டும் என்றால் முதலில் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, அதைத் தன் கண்ணுக்கு எதிரே மேடைமேல் வைத்துக்கொள்வார்.

"பாய், இதுக்கு ஒரு பூட்டும் போட்டு வையுங்க" என்று கேலி பேசினார்கள். அவர் கோபிக்கமாட்டார். பினாங்கில் அவரோடு வேலை பார்த்த ஒருவரின் சட்டைக் கையைப் பிளேடு பிடித்து இழுத்ததை அவர் பார்த்திருந்தார். அதை யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டில் அவர் இன்னும் விருந்தாளியாகவே இருந்தார். காலையில் போவார், மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டுச் சோற்றுக்கு வருவார், மறுபடி போவார். என்ன குழம்பு வைத்தாலும் நல்லா இருக்கு என்பார். ஜரீனா எதைக் கேட்டாலும், "நீ சொன்னாச் சரிதான்." ஒருநாள் அவள் அண்ணனிடம், "அவுக அந்த மிஷினுகூடப் பேசுறதுல கால்வாசி எங்கிட்டப் பேசுனாப் போதும்ணே" என்றாள். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று முழித்தாள்.

எழுபத்து மூன்றில் மின்வெட்டு வந்தது. கரண்டு எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. குன்றக்குடியில் பங்குனி உத்திரம் நெருங்கிக்கொண்டிருந்தது. முருகன் படத்துக்குச் சட்டம் கேட்டு வந்தவர்கள் சந்துவரை நின்றார்கள். மானகிரியிலிருந்து நிலம் வைத்து விவசாயம் பார்க்கும் வீரையா என்ற சம்சாரி வேறு, புது வீடு பால் காய்ச்சப் போகிறேன், ஆளுயரத்துக்கு முருகன் படம், தேக்குச் சட்டம், நகாசு வேலையோடு வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அவசரத்தில் சின்னச் சின்னக் காரியங்கள் கைநழுவின. பிளேடைப் போர்த்தியிருக்கும் மூடி, கைப்பிடி மேலே வரும்போது தானாக இறங்கி மூடவேண்டும்; தேக்கின் பிசினும் தூளும் ஏறி அது பாதியில் நின்றது. துடைக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தார். கட்டைவிரல் வலித்ததால், விசையைப் பிடித்து வைக்கும் சின்னப் பொத்தானை அமுக்கிவிட்டு வெட்டப் பழகியிருந்தார். பிறகு விசையிலிருந்து கையை எடுத்தாலும் மோட்டார் ஓடும். சுவரிலிருந்த பிளக்கு லொடலொடத்தது; அதில் தீக்குச்சியைச் செருகி இறுக்கியிருந்தார். பிடுங்கினால் மறுபடி செருகுவது பெரும்பாடு.

அன்று முற்பகல், வீரையாவின் சட்டத்தில் பிளேடு பாதிக் கட்டைக்குள் இறங்கியிருக்கும்போது கரண்டு போயிற்று. பிளேடு கட்டையைக் கவ்விக்கொண்டு நின்றுவிட்டது. நல்ல நகாசுக் கட்டை. அவர் சற்று நேரம் காத்திருந்தார். வாசலில் நின்ற ஒருவர், "பாய், இன்னைக்கு ஆகுமா ஆகாதா?" என்றார். சேக் பரீது இடது கையைக் கோட்டுக்குள் கொடுத்துக் கட்டையை அசைத்து விடுவித்தார். கட்டை விலகியது. கைப்பிடி மேலே எழும்பியது. மூடி இறங்கவில்லை. கை இன்னும் உள்ளே, பிளேடை ஒட்டியே இருந்தது.

கரண்டு வந்தது.

டீக்கடைக்காரர் ஓடிவந்து சொன்னபோது ஜரீனா மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். துப்பட்டிகூடப் போர்த்தாமல், அரைத்த கையோடு ஓடினாள். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு முடித்திருந்தார்கள். இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் இல்லை. அவளைப் பார்த்ததும் அவர் வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை, "மிஷின் மேல தப்பு இல்லை ஜரீனா."

"வாயை மூடிக்கிட்டுப் படுங்க" என்றாள் அவள். பிறகு அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மிளகாய் எரிச்சலா, வேறா என்று அவளுக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபின் அவர் சட்டை போடவில்லை. பனியனோடே கிடந்தார். ஏனென்று முதலில் அவளுக்கு விளங்கவில்லை. மகள் வந்து பார்க்கப்போகிறாள் என்ற அன்று, அவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று ஒற்றைக் கையால் பித்தானோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தாள். கேட்கவும் மாட்டார். அவள் போய் முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கடைசிப் பித்தானைப் போடும்போது அவர், "சுலைகா கல்யாணத்துக்கும் நான் வரலை. இப்ப இந்தக் கையோட அவ முன்னால நிக்கணும்" என்றார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

அல்லாபிச்சைக்கு ஒரே பேச்சுத்தான். "அந்தச் சனியனை வித்துத் தொலைங்க மச்சான். மதுரையில ஆளு கேக்குறான். ஜவுளிக்கடையில எனக்குத் தொணையா உக்காருங்க." மதுரைக்கும் அவரே சொல்லியனுப்பிவிட்டார்.

வாங்க வருகிறவன் பார்க்குமுன் கடையைக் கழுவிவிடவேண்டும் என்று ஜரீனாதான் போனாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்த அறைக்குள் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி ரத்தத்தைத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கச் சிவப்புக் கோடு மட்டும் போகவில்லை. அது பெயின்ட் என்று பிறகுதான் தெரிந்தது. மிஷினை வெறுப்போடு பார்த்தாள். பிறகு கொஞ்சம் நெருங்கிப் பார்த்தாள். பிளேடின் மூடியை விளக்குமாற்றுக் குச்சியால் தள்ளினாள். அது பிசினில் ஒட்டிக்கொண்டு நின்றது. சுவரில் பிளக்கில் தீக்குச்சி. வீட்டில் இஸ்திரிப் பெட்டி வயரில் இப்படி ஒரு குச்சியைப் பார்த்தாலே அவள் கத்துவாள்.

வீட்டுக்கு வந்து அவள் குடத்தை வைத்த வேகத்தில் அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"ஊருல ஒருத்தரை விடமாட்டீகளாமே! துண்டைக் கழட்டு, கையைச் சுருட்டு, கோட்டைத் தாண்டாதேண்டு. அந்த மூடி அங்குட்டு ஒட்டிக்கிட்டு நிக்குதே, அதை யாரு தொடைக்கணும்? நானா? பிளக்குல எதுக்குத் தீக்குச்சி?"

அவர் தலைகுனிந்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். மூடியைச் சொன்னார், பொத்தானைச் சொன்னார், குச்சியைச் சொன்னார். பினாங்கில் சட்டைக் கை மாட்டிய ஆளைச் சொன்னார். அந்த ஆளுக்குப் பதிலாகத்தான் முதலாளி இவரை அந்த மிஷினில் நிறுத்தினார் என்றும், முதல் மாதம் பயந்துகொண்டேதான் அதைத் தொட்டேன் என்றும், அந்தப் பயம் போகாமலிருக்கத்தான் கோடு போட்டுக்கொண்டேன் என்றும் சொன்னார். அவள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டாள். அடுப்பில் சோறு குழைந்துபோனது.

"இதெல்லாம் ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"வந்தா நாலு வாரம் இருப்பேன். அதுல போயி இதைச் சொல்லி ஒன்னைப் பயமுறுத்தவா?" என்றவர், கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடி, "அப்புறம் பழகிப்போச்சு. எதையும் சொல்லாம இருக்கப் பழகிப்போச்சு" என்றார்.

சில நாள் கழித்து வீரையாவின் மனைவி பொன்னுத்தாயி பார்க்க வந்தாள். மடியில் கோழிமுட்டையும் கையில் முருங்கைக்கீரையும் கொண்டுவந்திருந்தாள். சட்டம் என்னவாயிற்று என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேச்சு மின்வெட்டுக்குப் போயிற்று. பாவிப்பய கரண்டு, எல்லாரையும் படுத்துது என்று ஆரம்பித்தாள்.

"எங்க கெணத்து மோட்டாரு இருக்கே, கரண்டு போச்சுன்னா நின்னுரும். திரும்ப வந்தாலும் தானா ஓடாது தாயி. ஒவ்வொரு வாட்டியும் நாந்தேன் வரப்புல விழுந்தடிச்சு ஓடி, பச்சைப் பொத்தானை அமுக்கணும். அவுக கட்டிலை விட்டு எந்திரிக்க மாட்டாக."

ஜரீனா கீரையை உருவிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "ஏன்க்கா தானா ஓடாது?"

"அந்தப் பொட்டி விடாதாம்ல. சொவத்துல ஒரு பொட்டி மாட்டிருக்காக, ஸ்டாட்டரு. கரண்டு போனதும் உள்ளுக்குள்ள என்னமோ டொக்குனு விழுந்துரும். நம்ம கையால அமுக்குனாத்தேன் பிடிக்கும். மோட்டாரு புகைஞ்சு போகாம இருக்கவாம். எனக்கில்ல கால் புகையுது!"

ஜரீனா திரும்பி உள்ளறையைப் பார்த்தாள். சேக் பரீது ஏற்கெனவே நிலைப்படியில் வந்து நின்றுகொண்டிருந்தார். "ஆத்தா பொன்னுத்தாயி, அந்தப் பொட்டி சின்னதுல கெடைக்குமா? வீட்டுக் கரண்டுல ஓடுற ஒத்தை லைன் மோட்டாருக்கு?" என்று கேட்டார்.

பொன்னுத்தாயிக்கு எங்கே தெரியும்? ஆனால் வீரையாவுக்குத் தெரிந்திருந்தது. மறு சந்தைநாளில் அவர் தன் மோட்டாரைப் பார்க்கும் எலக்ட்ரீசியனையே சைக்கிளில் பின்னால் வைத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மதுரையிலிருந்து சின்ன ஸ்டார்ட்டர் ஒன்று வந்தது. சுவரிலிருந்த பழைய பிளக்கைப் பிடுங்கி எறிந்து, புதிது இறுக்கமாகப் போட்டார்கள்.

சோதித்துப் பார்க்கும்போது ஜரீனாவும் போயிருந்தாள். பிளேடைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் மோட்டாரை ஓடவிட்டார்கள். எலக்ட்ரீசியன் பியூஸ் கட்டையைப் பிடுங்கினார். மோட்டார் சுற்றி ஓய்ந்தது. பெட்டிக்குள் டொக் என்று கேட்டது. பியூஸை மறுபடி மாட்டினார். பல்பு எரிந்தது. மோட்டார் அசையவில்லை. சேக் பரீது, "இன்னொரு வாட்டி" என்றார். மறுபடி பிடுங்கி மாட்டினார்கள். "இன்னொரு வாட்டி." எலக்ட்ரீசியன் சலித்துக்கொள்ளும்வரை கேட்டுவிட்டு, அவர் கீழே உட்கார்ந்து முகத்தை வலது கையால் பொத்திக்கொண்டார். ஜரீனா எலக்ட்ரீசியனையும் வீரையாவையும் டீக்கடைக்கு அனுப்பிவிட்டு, அவர் எழுந்திருக்கும்வரை பக்கத்தில் நின்றாள்.

மதுரை ஆள் வந்தபோது, விற்பதாக இல்லை என்று அவள்தான் சொன்னாள். அல்லாபிச்சைக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஒத்தைக் கையை வச்சுக்கிட்டு அவரு எப்படி வேலை பாப்பாரு?"

"நான் போயிப் பிடிச்சுக்கிறேன்."

"நீயா? கடையிலயா? ஊரு என்ன சொல்லும் தெரியுமா?"

"இத்தனை வருஷம் நான் ஒத்தையில கெடந்தனே, அப்ப ஊரு என்னண்ணே சொல்லுச்சு? ஒண்ணும் சொல்லலைல? இதுக்கும் ஒண்ணும் சொல்லாது" என்றாள் ஜரீனா.

சொல்லத்தான் செய்தது. ஆனால் அவள் சந்துப்பக்கம் ஒரு சாக்குப்படுதாவைத் தொங்கவிட்டு, துப்பட்டியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். தொங்கலாக எதுவும் இருக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். வளையலையும் கழற்றி வைத்துவிட்டாள்.

முதலில் வீரையாவின் சட்டத்தை எடுத்தார்கள். நாலு துண்டும் வெட்டிக் கூட்டிப் பார்த்தால் மூன்று மூலை சேர்ந்தது, நாலாவது மூலை வாயைப் பிளந்தது. ஓர் அரிசியைச் செருகலாம். வெட்டிய முகமும் கருகியிருந்தது. சேக் பரீதின் முகம் செத்துப்போனது. "கை போனதோட வேலையும் போச்சு."

"கை எங்க வெட்டுச்சு? மிஷின்தானே வெட்டுச்சு. அதைப் பாருங்க" என்றாள் அவள்.

பிளக்கைப் பிடுங்கி மேடைமேல் வைத்தார்கள். ஒரு குச்சியைப் பிளேடின் ஓரத்தில் நிறுத்தி, அவர் கட்டையால் பிளேடை மெல்லச் சுற்ற, அவள் குனிந்து பார்த்தாள். பல்லுக்கும் குச்சிக்கும் நடுவே இடைவெளி ஒரே மாதிரி இருந்தது, பிளேடு வளையவில்லை. கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பழைய பிரஷால் பல் பல்லாகத் தேய்த்தாள். கருப்புப் பிசின் கரைந்து ஓடியது. மூடியையும் அப்படியே. மறுபடி வெட்டினார்கள். கருகல் போய்விட்டது, வாய் மட்டும் மூடவில்லை. தட்டின் சாய்வை மூலைமட்டம் வைத்துப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. கட்டை கோணலோ என்று வேறு கட்டை எடுத்தார். அதிலும் அதே வாய்.

பொழுது சாய்கிற நேரம். அலுத்துப்போன ஜரீனா, மூலைமட்டத்தைக் கட்டை சாயும் அந்த இரும்புத் தாங்கியில் சாய்த்து வைத்தாள். ஜன்னல் வெளிச்சம் இடதுபக்கம் மட்டும் இரண்டுக்கும் நடுவே மெல்லிய கோடாக விழுந்தது. "இங்குட்டு ஏன் வெளிச்சம் வருது மச்சான்?"

அவர் குனிந்து பார்த்தார். அன்றைக்கு உதறிக்கொண்டு கையை இழுத்தபோது கட்டை பறந்து அடித்து, தாங்கி ஒருபக்கம் நகர்ந்திருக்கிறது. திருகுகளைத் தளர்த்தி, மட்டத்தோடு சேர்த்து நிறுத்தி, மறுபடி முறுக்கவேண்டும். மட்டத்தைப் பிடிக்க ஒரு கை, தாங்கியைப் பிடிக்க ஒரு கை, முறுக்க ஒரு கை. அவள் இரண்டு கையாலும் பிடிக்க, அவர் முறுக்கினார். வெட்டிய இரண்டு துண்டைச் சேர்த்தார். மயிரிழைகூட நுழையாது. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதன்பிறகு வேலை ஓர் ஒழுங்குக்கு வந்தது. நீளக் கட்டையின் கடைசியை அவள் தாங்குவாள். சின்னத் துண்டுகளைக் கையால் பிடிப்பதையே விட்டுவிட்டு இடுக்கி வைத்து இறுக்கினார்கள். பச்சைப் பொத்தானை அமுக்குமுன் அவர், "கை?" என்பார். "எடுத்தாச்சு மச்சான்" என்று அவள் சொன்னால்தான் மிஷின் ஓடும். அவள் ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகு அவள் கேட்டாள், அவர் சொன்னார். விசையைப் பிடித்து வைக்கும் அந்தச் சின்னப் பொத்தானை அவர் கழற்றி எறிந்தே விட்டார். சாயங்காலம் ஊரெல்லாம் விளக்குப் போட்டதும் பல்பு சிவந்து மங்கும், மோட்டார் முனகும். அப்போது வெட்டினால் பிளேடு மரத்துக்குள் சிக்கும். அதனால் பல்பு மங்கினால் வெட்டு நிற்கும், ஆணியும் பசையுமாக வேலை நடக்கும். அந்த நேரத்தில் பேச்சும் நடக்கும். கூரை மாற்றிய கதை, சுலைகாவுக்கு அம்மை போட்டிருந்த கதை, சம்பந்தி வீட்டார் பாதிச் சாப்பாட்டில் எழுந்த கதை எல்லாவற்றையும் அவள் அப்போதுதான் சொன்னாள். அவர் பசைச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்புறம்?" "அப்புறம்?" என்று கேட்பார். பசை காய்ந்துபோகும்.

வீரையா வீட்டில் பால் காய்ச்சி ஒரு மாதம் கழித்துத்தான் முருகன் படம் போய்ச் சேர்ந்தது. இரண்டு பேருமே வண்டியில் மானகிரிக்குக் கொண்டுபோனார்கள். பொன்னுத்தாயி மூலை ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்து, "ஒரே மரத்துல குடைஞ்ச மாதிரியில்ல இருக்கு" என்றாள். ஜரீனாவுக்குச் சிரிப்பு முகத்தில் கொள்ளவில்லை. சாப்பிடாமல் போகக்கூடாது என்று பொன்னுத்தாயி இலை போட்டாள். சேக் பரீது இடது கையை மடிக்குள் மறைக்காமல் இலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டதை ஜரீனா கவனித்தாள்.

எழுபத்தேழில் ஊரே துபாய்க்குக் கிளம்பியது. அல்லாபிச்சைக்குத் தெரிந்தவர் ஒருவர் அங்கே மரப்பட்டறை வைத்திருந்தார். இந்த மாதிரி மிஷின் தெரிந்த ஆள்தான் வேண்டுமாம், கையைப் பற்றிக் கவலையில்லை, மேற்பார்வைதான் வேலை என்று சொல்லியனுப்பியிருந்தார். அல்லாபிச்சை கடைக்கே வந்து சொன்னார். ஜரீனா கண்ணாடிக்குச் சுண்ணாம்பு தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். சேக் பரீது அவளைப் பார்த்தார். முன்பெல்லாம் லீவு முடிந்து கிளம்பும்போது, "போயிட்டு வரவா?" என்று கேட்பார்; அவள் தலையைக் குனிந்துகொண்டு "ம்" என்பாள். அவ்வளவுதான் பேச்சு.

இப்போது அவர் கேட்பதற்கு முன்பே அவள் நிமிர்ந்தாள்.

"அவுக வரமாட்டாகண்ணே. எனக்கு ஒத்தையில இங்க முடியாது."

"வேலைக்கு ஆளு வச்சுக்கலாம்ல?"

"வேலைக்கு முடியாதுண்டு நான் சொல்லலை" என்றாள் ஜரீனா.

அல்லாபிச்சை மச்சானைப் பார்த்தார். சேக் பரீதுக்குக் காதுவரை சிவந்திருந்தது. அவர் சட்டென்று திரும்பி, அலமாரியில் இல்லாத எதையோ தேடத் தொடங்கினார். அல்லாபிச்சை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கையில் சுருட்டி வைத்திருந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, அந்த ஆளுக்கு நான் சொல்லிக்கிறேன். ராத்திரி நம்ம வீட்டுல கறிச்சோறு, ரெண்டு பேரும் வந்துருங்க" என்று சொல்லிவிட்டுப் படுதாவை விலக்கிக்கொண்டு வெளியே போனார்.